பொம்மை ரயிலுக்குப் பெரியவள்

போன வாரம் முழுக்க நம் பள்ளி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரே பேச்சு. பேரனை முதல்முறையாகத் தீம் பார்க்குக்குக் கூட்டிப்போக எது சரியான வயது என்று ஒருத்தி கேட்டுவைத்தாள். அவ்வளவுதான், எல்லோரும் கிளம்பிவிட்டீர்கள். சின்னதிலேயே காட்டிவிட வேண்டும், அந்த வயதில்தான் கண் விரியும் என்றாள் ஒருத்தி. அந்த வயதில் பார்த்தது எதுவும் நினைவில் நிற்காது, பள்ளிக்கூடம் போய்ப் புத்தி வரட்டும் என்றாள் இன்னொருத்தி. உயரம் அளந்துதான் பெரிய ராட்டினங்களில் விடுவார்கள், அதனால் வயதைவிட உயரம்தான் முக்கியம் என்று நம் வகுப்பின் பழைய லீடர் தீர்ப்பு வழங்கினாள். நான் மட்டும் எதுவும் எழுதவில்லை. "நீ ஒண்ணுமே சொல்லலியே, போனதே இல்லையா?" என்று கேட்டிருந்தீர்கள்.

போயிருக்கிறேன். ஒரே ஒரு முறை. ஆறாம் வகுப்பு முடிந்த கோடையில். பள்ளி திறந்ததும் உங்களோடு அதே பெஞ்சில்தான் வந்து உட்கார்ந்தேன். ஆனாலும் உங்களிடம் சொல்லவில்லை. இப்போது நமக்கெல்லாம் ஐம்பது வரப்போகிறது. சொல்லிவிடலாம்.

என் அப்பா பெங்களூரில் ஒரு மோட்டார் கம்பெனியில் ஃபிட்டர். நான் ஒன்றாவது சேர்ந்த வருடம் அங்கே வேலைக்குப் போனார். முதலில் மாதம் ஒருமுறை வந்தார். பிறகு கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும். நான் இரண்டாவது படித்தபோது வந்ததோடு சரி. அம்மாவும் நானும் காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் மாமா வீட்டில் இருந்தோம். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். அம்மா கன்னியர் மடத்துத் தையல் பள்ளியில் பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுத்தாள். அந்த வீட்டில் அப்பாவைப் பற்றி யாரும் கெட்டதாகப் பேசியதில்லை. பேசியதே இல்லை. பெரியவர்கள் தணிந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார்கள். நான் உள்ளே வந்ததும் பேச்சு மாங்காய்க் குத்தகைக்கு மாறிவிடும்.

அந்தக் கோடையில் ஒரு நாள் பங்குச் சாமியார் அப்பாவை அழைத்துக்கொண்டு வந்தார். நான் கதவருகில் போய் நின்றேன். அப்பாவின் பார்வை முதலில் என் இடுப்பு உயரத்தில் எங்கேயோ தேடியது. பிறகுதான் மேலே வந்து என் முகத்தில் நின்றது. "பாப்பாவா?" என்றார் சாமியாரிடம். என்னிடம் இல்லை.

எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். அத்தை எல்லோருக்கும் மோர் கொடுத்தாள். அப்பாவுக்குக் கொடுத்த டம்ளரை மட்டும் கையில் தராமல் கீழே வைத்தாள்.

"புள்ளய பெங்களூர்ல நல்ல கான்வென்ட்ல சேக்கறேங்க சாமி. அங்கியே ஹாஸ்டல் இருக்குது. வாராவாரம் நான் போய்ப் பாத்துக்கறேன்" என்றார் அப்பா.

"இத்தினி வருசமா எங்க இருந்தாராம், கேளுங்க சாமி" என்றார் மாமா. அப்பாவைப் பார்த்துப் பேசவில்லை.

"பழசக் கெளற வேணாம்" என்றார் சாமியார். "புள்ளயோட படிப்புக்கு எது நல்லதுன்னு பாருங்க."

அம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். தோளில் அளவு டேப் தொங்கியது. "அவ ஒருக்கா போய்ப் பாத்துட்டு வரட்டும் சாமி. புடிச்சா சேரட்டும். என்ன ஏதுன்னு அவளே சொல்லட்டும்" என்றாள்.

அப்பாவின் முகம் மலர்ந்தது. "அங்க ஒரு பெரிய பார்க் வந்திருக்குது. ராட்டினம், ரயிலு, தண்ணி வெளையாட்டு, எல்லாம் இருக்குது. கூட்டிட்டுப் போறேன். ரொம்ப நாளா நெனச்சிட்டுத்தான் இருக்கறேன். சரியான வயசு வரட்டும்னு பாத்துட்டு இருந்தேன்."

மறுநாளே கிளம்பினோம். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறும்போது அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சின்னக் குழந்தையைப் பிடிப்பதுபோல. எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் கையை உருவிக்கொள்ளவில்லை. அவர் சட்டையில் கிரீஸ் வாசமும் ஏதோ புது சோப்பு வாசமும் கலந்து வந்தன. ஜன்னலோரம் என்னை உட்காரவைத்து, ஒவ்வொரு ஊர் வரும்போதும் பேர் சொல்லிக் காட்டினார். போர்டில் எழுதியிருந்ததை நானே படித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. அவர் சொல்லட்டும் என்று இருந்தது. ஓசூர் தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டேன். ஹாஸ்டலில் சேருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும். வாராவாரம் அப்பா வருவார்.

ஆனால் அப்பா என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போகவில்லை. அவரோடு வேலை செய்யும் நண்பர் ஒருவரின் வீட்டில் விட்டார். "நம்ம வூடு ரொம்பச் சின்னது கண்ணு, ஒரே ரூம்பு. இங்க அக்காகூட படுத்துக்க. காலையில வந்துடறேன்" என்றார். நண்பரின் மனைவியைத்தான் அக்கா என்றார். நல்ல மாதிரி. என்னைப் பார்க்கும்போதெல்லாம் "சாப்டுறியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

காலையில் அப்பா ஒரு பொட்டலத்தோடு வந்தார். மஞ்சள் ஃப்ராக். கழுத்தைச் சுற்றி லேஸ், இடுப்பில் பெரிய ரிப்பன். "போட்டுட்டு வா, பார்க்குக்கு இதுதான்" என்றார். உள்ளே போய்த் தலை வழியாக மாட்டினேன். தோளைத் தாண்டி இறங்கவில்லை. கையைத் தூக்கியபடி மாட்டிக்கொண்டு நின்றேன். அக்கா வந்து என்னை விடுவித்தாள்.

"ஏங்க, இந்தப் புள்ள என் ஒசரத்துக்கு நிக்குது. இது எப்படிங்க பத்தும்?" என்று வெளியே பார்த்துக் கேட்டாள்.

அப்பா அந்த ஃப்ராக்கை வாங்கித் தன் கைமேல் போட்டுப் பார்த்தார். "ஆமால்ல" என்றார். மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்த மஞ்சளை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை. கண்ணை மூடினால் இன்றைக்கும் அந்த லேஸ் என் கழுத்தைக் கீறுகிறது.

பார்க்கில் அப்பா யாரிடமும் வழி கேட்கவில்லை. வாசலைத் தாண்டியதும் நேராக இடதுபக்கம் திரும்பினார். எந்தக் குழாயில் குளிர்ந்த தண்ணீர் வரும், எந்த மரத்தடியில் வெயில் வராது, எந்தக் கடையில் பாப்கார்ன் சூடாகத் தருவார்கள், எல்லாம் தெரிந்திருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. எனக்குக் காட்டுவதற்காக முன்னாலேயே வந்து எல்லாவற்றையும் பார்த்துவைத்திருக்கிறார் என்று நினைத்தேன். குளோரின் வாசமும் பொரித்த எண்ணெய் வாசமும் காற்றில் வந்தன. ஒலிபெருக்கியில் யாரோ கன்னடத்தில் தொலைந்துபோன குழந்தை ஒன்றின் சட்டை நிறத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் பெரிய ராட்டினம் சுற்றியது. அதிலிருந்து என் வயதுப் பிள்ளைகள் போடும் கூச்சல் அலைஅலையாக வந்தது.

"அங்க போலாமாப்பா?"

"அது பெரியவங்களுக்கு. பயந்துக்குவ. இங்க வா, அப்பா ஒண்ணு காட்டறேன்."

அவர் காட்டியது பொம்மை ரயில். நீலமும் சிவப்புமாகப் பெட்டிகள். இன்ஜினுக்கு யானைத் தலை. வேலிக்குள் ஒரு வட்டம், அதுதான் அதன் பாதை. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் விசில் மாட்டிய இளைஞர் ஒருவர்தான் ரயில் ஓட்டுபவர். என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். "இவளு தும்ப தொட்டவளு சார்" என்றார். இவள் ரொம்பப் பெரியவள் என்று அர்த்தம். அப்பா கெஞ்சலாகச் சிரித்து, ஒரே ஒரு ரவுண்டு என்றார். அப்போதுதான் அந்த இளைஞர் அப்பாவின் முகத்தைச் சரியாகப் பார்த்தார். அடையாளம் தெரிந்து சிரித்தார்.

"சிக்கோளு பர்லில்வா சார்?"

"இல்லப்பா. அவ்ரம்மன் ஜொத்தெ ஊரிகெ ஹோகவ்ளெ" என்றார் அப்பா.

மாமா வீட்டுத் தெருவில் கன்னடம் பேசும் வீடுகள் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். எதிர்வீட்டுப் பெண்ணோடு விளையாடியே எனக்கு அந்தப் பேச்சு வந்துவிட்டது. அப்பா எங்களை விட்டுப் போன பிறகு வந்தது. அதனால் அவருக்குத் தெரியாது. சின்னவள் வரவில்லையா என்று கேட்டார் ரயில்காரர். அவள் அம்மாவோடு ஊருக்குப் போயிருக்கிறாள் என்றார் அப்பா. என் முன்னால் நின்றுகொண்டு, சத்தமாக, ஒரு தயக்கமும் இல்லாமல்.

"ஏறு கண்ணு" என்றார் என்னிடம்.

ஏறினேன். கடைசிப் பெட்டியில். பெஞ்சு என் முழங்கால் உயரம்கூட இல்லை. கால்களை மடக்கினால் முழங்கால் மோவாயில் முட்டியது. எனக்கு முன்னால் இருந்த குழந்தை திரும்பி என்னையே பார்த்தது. விசில் ஊதியது, ரயில் நகர்ந்தது. ஒரு சுற்று வந்ததும் வேலியில் அப்பா. கையை உயர்த்தி ஆட்டினார். நானும் ஆட்டினேன். மறுபடி ஒரு சுற்று, மறுபடி அப்பா. வாயெல்லாம் சிரிப்பு. இவருக்கு இந்த இடம் மட்டும்தான் தெரியும் என்று அப்போது புரிந்தது. இந்த ரயில், இந்த வேலி, இந்தக் குழாய், இந்த மரம். நான்கு வயதுப் பிள்ளையோடு வருகிறவருக்கு எது தெரியுமோ அது. ஃப்ராக்கைக்கூட அந்தக் குழந்தைக்கு எடுக்கிற கடையில்தான் எடுத்திருப்பார். இதைவிடக் கொஞ்சம் பெரிது கொடுங்கள் என்று கேட்டு வாங்கியிருப்பார்.

நான் அழவில்லை. அந்த ரயிலில் அழுவதற்கு இடமில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அவர் வந்துவிடுகிறார்.

அக்கா கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதத்தை அந்த மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்பா கான்வென்ட்டைப் பற்றிச் சொன்னார். நீல யூனிஃபார்ம், பெரிய மைதானம், இங்கிலீஷிலேயே பேசுவார்கள். உண்மையைச் சொல்ல நான் அவருக்கு ஒரு வழி விட்டுப் பார்த்தேன்.

"லீவு விட்டா நான் எங்கப்பா இருப்பேன்? உங்க வூட்லயா?"

"வூட்லயா..." என்று இழுத்தார். "லீவுக்கு அம்மாகிட்டப் போயிரு."

"உங்க வூட்ல யாருப்பா இருக்காங்க?"

அப்பா கையிலிருந்த சோற்றைப் பார்த்தார். "யாரு இருக்கா? நான்தான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "உனக்குச் சொல்றதுக்கு நெறய இருக்குது கண்ணு. இப்ப நீ சின்னப் புள்ள. இன்னும் கொஞ்சம் பெருசாவு. அப்பா எல்லாம் சொல்றேன்" என்றார்.

அவர் குரல் உடைந்திருந்தது. அது பொய்யில்லை, அதுவும் எனக்குத் தெரிந்தது. கையைக் கழுவிக்கொண்டு எழுந்தேன். "நான் அந்தப் பெரிய ராட்டினத்துல ஏறணும்" என்றேன்.

"வேணாம் கண்ணு."

"ஏறணும்."

அவருக்கு உயரம் என்றால் தலை சுற்றும். அதனால் தனியாகத்தான் ஏறினேன். யாரோ ஒரு அம்மாவின் பக்கத்தில் என்னை உட்காரவைத்தார்கள். ராட்டினம் எழும்பியதும் அந்த அம்மா என்னைக் கேட்காமலே என் கையைப் பற்றிக்கொண்டாள், அவளுக்குத்தான் பயம். உச்சியில் நின்றபோது காதில் வேறு எதுவும் விழவில்லை. காற்று அப்படி அடித்தது. கீழே பார்த்தேன். அப்பா கட்டைவிரல் அளவு தெரிந்தார். இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்கு இல்லை. எனக்கு இரண்டு பெட்டி தள்ளி, பச்சைப் பாவாடை போட்ட ஒரு பெண் இருந்தாள். அவளை நான் என்று நினைத்து ஆட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெட்டி இறங்கினால் அவர் தலையும் இறங்கியது, ஏறினால் ஏறியது. நான் அவரைத் தாண்டித் தாண்டிப் போனேன். "அப்பா" என்று கூப்பிடலாமா என்று நினைத்தேன். கூப்பிடவில்லை.

இறங்கி வந்ததும் ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டார். "எத்தன தடவ கை காட்டுனேன்! நீ பாக்கவே இல்ல."

"பாத்தேன்ப்பா" என்றேன்.

மறுநாள் மத்தியானம் ஊருக்கு வந்து சேர்ந்தோம். அப்பா கூடத்தில் சாமியாரோடு உட்கார்ந்துகொண்டார். அம்மா என்னை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"என்னடி, போறியா?"

"போவல. இங்கியே படிக்கறேன்."

"ஏன்?"

அவள் முகத்தையே பார்த்தேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தேன். தெரிந்தால் தாங்கமாட்டாள் என்றும் நினைத்தேன். "அங்க தண்ணி ஒத்துக்கல" என்றேன்.

அம்மா சிரித்தாள். பெருமூச்சு விட்டாள். என் தலையைக் கோதிவிட்டு வெளியே போய்ச் சொன்னாள். கூடத்திலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "பரவால்ல சாமி. இன்னும் சின்னப் புள்ளதானே. அம்மாவ விட்டுட்டு இருக்கமாட்டா. கொஞ்சம் பெருசாவட்டும்." மாமாவும் ஆமாம் என்றார். அத்தைகூட ஆமாம் என்றாள். அத்தனை பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம், நான் சின்னப் பிள்ளை என்பது.

அந்தக் கோடை முடியவே முடியாது போலிருந்தது. வீட்டில் எப்போதும் யாராவது இருந்தார்கள், யாரோடும் பேச முடியவில்லை. சின்னவள் எப்படி இருப்பாள் என்று நினைத்துக்கொண்டே படுத்திருப்பேன். அவளுக்கு ஒரு முகம் வைத்துப் பார்ப்பேன். சில நாள் அவளை அடிக்க வேண்டும் போலிருக்கும். சில நாள் அவளுக்குத் தலை பின்னிவிடுவேன். எதிர்வீட்டுப் பெண் விளையாடக் கூப்பிட்டாள். கன்னடத்தில்தான் கூப்பிட்டாள். போகவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பேச்சே எனக்குப் புரியாததுபோல நடந்துகொண்டேன்.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமியாரிடமாவது சொல்லிவிடலாம் என்றுதான். முழந்தாளிட்ட பிறகுதான் தோன்றியது, இது என் பாவம் இல்லையே, இதை எப்படி அறிக்கையிடுவது? "பொய் சொன்னேன் சாமி" என்றேன். "என்ன பொய்?" என்றார். "தண்ணி ஒத்துக்கலன்னு சொன்னேன்." தட்டிக்கு அந்தப்பக்கம் அவர் ஜெபமாலையை உருட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "மூணு அருள்நிறைந்த மந்திரம் சொல்லு" என்றார். சொன்னேன்.

அப்பா அதற்குப் பிறகும் எப்போதாவது வந்தார். என் கல்யாணத்துக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். சொல்கிறேன் என்றதை மட்டும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலையில் அம்மா தர்மபுரியில் என் வீட்டுக்கு வந்தாள். சொல்லாமல் வருகிறவள் இல்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"ஒங்கப்பா போயிட்டாரு. பெங்களூர்ல இருந்து போன் வந்துது" என்றாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அங்க போறதுக்கு முன்னாடி உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோவப்படாத. அங்க அவருக்கு..."

"தெரியும்மா. ஒரு பொண்ணு."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அந்தப் பார்க்குக்குப் போனப்பவே தெரிஞ்சுது."

"அப்பயிருந்தா?" என்றாள். வயதான அந்தக் கைகள் மடியில் ஒன்றையொன்று தேடின. "ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

"உனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்."

"எனக்கு அதுக்கு முன்னாடியே தெரியும். உனக்குத்தான் தெரியாதுன்னு... நீ பெருசாவட்டும்னு இருந்தேன். அப்புறம் படிப்பு முடியட்டும்னு. கல்யாணம் ஆவட்டும்னு. கொழந்த பொறக்கட்டும்னு." நிறுத்திக்கொண்டாள். "ஒரே பாயிலதானடி படுத்திருந்தோம். ரெண்டு பேரும் சேந்தே அழுதிருக்கலாமே."

அப்போதும் நாங்கள் அழவில்லை. அம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள். நான் வாசலில் செருப்பு மாட்டும்போது மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "அந்தப் பொண்ணுக்கு அம்மா இருக்காளான்னு பாத்துட்டு வா."

தனியாகத்தான் போனேன். கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் முடிந்துகொண்டிருந்தது. அப்பாவை இனிப் பார்க்க முடியாது. மண் போட்டுவிட்டுக் கூட்டத்தோடு நானும் அவர் வீட்டுக்கு நடந்தேன். அவர் சொன்னது உண்மைதான், சின்ன வீடு. சுவரில் ஒரு பெண்ணின் படம், பழைய பிளாஸ்டிக் மாலையோடு. அம்மா கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது.

சின்னவள் வாசலில் நின்று வந்தவர்களுக்கு விடைகொடுத்துக்கொண்டிருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. நாற்பதைத் தொட்டவள். கோடையெல்லாம் நான் வைத்துப் பார்த்த எந்த முகமும் அது இல்லை. பக்கத்தில் போய் நின்றேன். என்னைத் தெரிந்துகொள்வாள் என்று காத்திருந்தேன். அவள் கைகூப்பினாள்.

"அப்பாவோட ஊருங்களா?" என்றாள். பெங்களூரில் பிறந்து வளர்ந்தவள் வாயில் அப்படியே எங்கள் ஊர்ப் பேச்சு. அப்பாவிடம் கற்றது.

அவளுக்கும் யாரும் சொல்லவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. அவளும் இன்னும் பெரியவளாகவில்லை போலிருக்கிறது.

"ஆமா" என்றேன். "ஊருதான்."

"அவ்ளோ தூரத்துல இருந்து வந்திருக்கீங்க. எங்க வூட்டுக்கு வந்துட்டுச் சாப்டாமப் போவக்கூடாதுங்க" என்று சொல்லி, என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ப் பந்தியில் உட்காரவைத்தாள். இலையில் அவளே சோறு போட்டாள். போதும் என்று கையை நீட்டினேன். இன்னும் கொஞ்சம் என்று போட்டாள். எல்லோரும் எழுந்த பிறகும் உட்கார்ந்து, அதை முழுக்கச் சாப்பிட்டேன்.